பின் வீலில் பால்ஸ் திரும்பத் திரும்ப உடைகிறதா? ஆக்சிலை உருட்டிப் பாருங்கள்

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறேன். 27.5 இன்ச் எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்), 21 கியர், வாங்கி மூன்று வருடம் ஆகப்போகிறது. எஸ்டேட் மண் ரோட்டில் வாரம் நான்கு நாள் ஓட்டுவேன். கொஞ்ச மாதமாகப் பின் வீலில் ஆட்டம், மிதிக்கும்போது கடக் கடக் என்று சத்தம். கடையில் இரண்டு முறை பால்ஸ் (வீலின் நடுவே உருளும் இரும்புக் குண்டுகள்) மாற்றினார்கள், ஒன்றரை மாதத்தில் மறுபடி அதே ஆட்டம். இப்போது ஏற்றத்தில் அழுத்தி மிதித்தால் சில நேரம் பெடல் வழுக்கி விழுகிறது. முழு வீலையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: பொறுங்கள், உடனே மாற்ற வேண்டாம். பால்ஸ் ஒரு தடவை உடைந்தால் கிரீஸ் வற்றியிருக்கும், தண்ணீர் போயிருக்கும் என்று விட்டுவிடலாம். புதுசு போட்டு ஒன்றரை மாதத்தில் மறுபடி உடைகிறது என்றால் வேறு ஏதோ அவற்றை நசுக்குகிறது. 21 கியர் வண்டிகளில் நான் முதலில் சந்தேகப்படுவது வளைந்த ஆக்சிலைத்தான், அதாவது வீலின் நடுவே போகும் அச்சுக் கம்பியை.

காரணம் அந்த ஹப் (வீலின் நடுக்குடம்) செய்யப்பட்ட விதத்திலேயே இருக்கிறது. 21 கியர் என்றால் முன்னால் 3, பின்னால் 7. பின்னால் உள்ள அந்த 7 பல்சக்கரமும் சேர்ந்த ஃப்ரீவீல், இந்த விலை வண்டிகளில் பெரும்பாலும் ஹப்பின் மரையில் திருகி ஏற்றியதாக இருக்கும். வலப்பக்கக் கோனும் (ஆக்சிலில் ஏறும் கூம்பு நட்டு, பால்ஸ் அதன்மேல் உருளும்) பால்ஸும் ஃப்ரீவீலுக்கு உள்ளே, ஹப்பின் வயிற்றுக்குள் உட்கார்ந்திருக்கும். அங்கிருந்து ஃப்ரேம் வரை 3 செ.மீ.க்கு மேல் ஆக்சில் தாங்க ஆளில்லாமல் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். சுவரில் அடித்த ஆணியில் பையைச் சுவரை ஒட்டி மாட்டினால் ஆணி தாங்கும், அதே பையை ஆணியின் நுனியில் மாட்டினால் ஆணி வளையும். அதே கதைதான் இங்கேயும். 10 மி.மீ. தடிமனுள்ள கம்பி, அதிலும் க்விக் ரிலீஸ் (நட்டுக்குப் பதில் லிவரை மடக்கி வீலைப் பூட்டும்) வண்டியென்றால் நடுவே துளை வேறு. அதன்மேல் உங்கள் எடை, செயினின் இழுப்பு, கல்லில் இறங்கும் ஒவ்வொரு அடியும் விழுகிறது.

இது புதிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. இந்தப் பலவீனத்துக்கு நல்ல மருந்தாக வந்ததுதான் ஃப்ரீஹப். ஷிமானோ 1978-இல் கொண்டுவந்த அந்த அமைப்பில் ஃப்ரீவீலின் கிளிக் வேலை (மிதிப்பதை நிறுத்தினாலும் வீலைச் சுழல விடுவது) ஹப்போடு சேர்ந்துவிட்டது, வலப்பக்க பால்ஸ் ஃப்ரேமை ஒட்டி வெளியே வந்துவிட்டது, ஆக்சில் தனியாகத் தாங்க வேண்டிய தூரம் குறைந்துபோனது. அதன் பிறகும் விலை குறைந்த எம்டிபிகளில் பழைய திருகு ஃப்ரீவீல்தான் வருகிறது. சமவெளி ரோட்டில் அது வருடக்கணக்கில் ஓடும். எஸ்டேட் ரோட்டின் கல்லிலும் குழியிலும் ஓடாது.

சரி, ஆக்சில் வளைந்தால் பால்ஸ் ஏன் உடைய வேண்டும்? ஆக்சிலோடு சேர்ந்து கோனும் சாய்ந்துவிடுகிறது. பின் ஹப்பில் வழக்கமாகப் பக்கத்துக்கு 9 பால்ஸ், கால் இன்ச் அளவு. கோன் நேராக உட்கார்ந்தால் பாரம் நாலைந்து பால்ஸுக்காவது பகிர்ந்து போகும். சாய்ந்தால் ஒரு மூலையில் இருக்கும் ஒன்றிரண்டின் தலையில் மொத்தமும் இறங்கும், அவற்றின் மேல்தோல் உரியும், உரிந்த துணுக்கு கிரீஸில் கலந்து மற்றவற்றையும் கோனையும் கப்பையும் (ஹப் பக்கத்தில் பால்ஸ் உட்காரும் கிண்ணம்) அரைக்கும். கடையில் ஆட்டத்தைச் சரிசெய்யும்போது, டைட் வைத்தால் கரகரக்கிறது, கொஞ்சம் தளர்த்தினால் ஆடுகிறது, நடுவில் சரியான இடமே கிடைக்கவில்லை என்று மெக்கானிக் சொல்லியிருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

பார்ப்பது சுலபம். வீலைக் கழற்றி மடியில் வைத்து, ஆக்சிலின் ஒரு முனையை விரலால் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். மறுமுனை ஒரே புள்ளியில் நின்று சுழன்றால் நல்லது, சின்ன வட்டம் போட்டால் வளைந்திருக்கிறது. இன்னும் தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் ஆக்சிலை வெளியே எடுத்து, கோன், நட்டு எல்லாம் கழற்றி, கண்ணாடி மேஜையிலோ டைல்ஸ் தரையிலோ உருட்டுங்கள். நேரான ஆக்சில் சத்தமில்லாமல் ஓடும். வளைந்தது தட் தட் என்று தாவும், அடியில் வெளிச்சம் வந்து வந்து மறையும்.

க்விக் ரிலீஸ் வண்டி வைத்திருப்பவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஆக்சில் இரண்டாக உடைந்தபின்னும் வண்டி ஓடும். உள்ளே போகும் 5 மி.மீ. கம்பி இரண்டு துண்டையும் இறுக்கிப் பிடித்திருப்பதால் கொஞ்சம் ஆட்டம்தான் தெரியும். என்னிடம் ஒருவர் பஞ்சர் போட வீலைக் கழற்றிக் கொடுத்தார், கம்பியை உருவியதும் ஆக்சிலின் வலப்பக்கத் துண்டு என் கையில் வந்து விழுந்தது. உடைந்த முகத்தில் பாதி துருவேறிப் பழுப்பாகவும் பாதி புதுசாக வெள்ளியாகவும் இருந்தது. அப்படியென்றால் விரிசல் விட்டே பல நாள் ஆகியிருக்கிறது, அவர் அதோடுதான் மலையிறங்கிக்கொண்டிருந்தார். அதனால்தான் ஆட்டம் என்று யாராவது சொன்னால் நான் பால்ஸை மட்டும் மாற்றி அனுப்புவதில்லை.

ஆக்சிலை எடுத்தாயிற்றென்றால் கோனையும் கப்பையும் அப்போதே பார்த்துவிடுங்கள். மண்ணெண்ணெயில் கழுவித் துணியால் துடைத்து, கோனை வெயிலில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். பால்ஸ் ஓடிய தடம் ஒரு கோடாகப் பளபளக்கும், அது சாதாரணத் தேய்மானம், பயப்பட வேண்டாம். அந்தக் கோட்டில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள் இருந்தால் அந்தக் கோன் வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத குழியும் உண்டு, அதற்கு பால்பாயிண்ட் பேனா முனையைத் தடத்தின்மேல் மெதுவாக இழுங்கள், குழி இருக்கும் இடத்தில் முனை தட்டும், கைக்குத் தெரியும். கப்பிலும் இதே சோதனை. கோன் புதுசு வாங்கி மாட்டிவிடலாம், கப் அப்படியில்லை. அது ஹப்புக்குள் அழுத்திப் பொருத்தப்பட்டது, இந்த மாதிரி ஹப்புகளுக்குத் தனியாகக் கிடைப்பது கஷ்டம். கப் முழுக்கக் குழி விழுந்திருந்தால் ஹப் முடிந்தது, கடைக்காரர் சொன்னதும் சரி. கப் நன்றாக இருந்தால் ஒரு ஆக்சில், இரண்டு கோன், 18 பால்ஸ், கொஞ்சம் கிரீஸ், அவ்வளவுதான் செலவு.

வாங்கப் போகும்போது பழைய ஆக்சிலையும் கோனையும் கையோடு எடுத்துப் போங்கள். ஆக்சிலில் 10 மி.மீ. மரையும் உண்டு, அதைவிடக் கொஞ்சம் மெலிந்த இன்ச் மரையும் உண்டு. பழைய கோன் புது ஆக்சிலில் விரலாலேயே சுலபமாக ஏற வேண்டும், ஸ்பேனர் போட்டு ஏற்ற வேண்டியிருந்தால் அது வேறு மரை. கோனின் வளைவும் பழையதைப் போலவே இருக்க வேண்டும். பால்ஸ் கூண்டோடு வந்திருந்தால் கூண்டைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தனி பால்ஸாகவே போடுங்கள். கூண்டில் எண்ணிக்கை குறைவாக இருக்கும், தனியாகப் போட்டால் பாரம் அதிகம் பேருக்குப் பங்காகும். பழையதில் ஒன்றிரண்டு நன்றாக இருக்கிறதே என்று கலந்து போடாதீர்கள்.

பூட்டும்போது கோன் ஸ்பேனர் வேண்டும், பின் ஹப்புக்கு வழக்கமாக 15 மி.மீ., மெலிந்த வாயுள்ளது. சாதாரண ஸ்பேனர் தடிமன் அதிகம், லாக் நட்டையும் சேர்த்துப் பிடித்துவிடும். நட்டு போட்ட ஆக்சிலுக்கு ஆட்டமும் இல்லாமல் கரகரப்பும் இல்லாமல் வையுங்கள். க்விக் ரிலீஸாக இருந்தால் மயிரிழை ஆட்டம் விட்டுப் பூட்டுங்கள், லிவரை மடக்கும்போது ஆக்சில் சிறிது அமுங்கி அந்த ஆட்டம் காணாமல் போகும். இதைத் தெரியாமல் மேஜையிலேயே ஆட்டமில்லாமல் வைத்துவிட்டால் வண்டியில் மாட்டியதும் இறுகி, புது கோனில் முதல் மாதமே குழி விழும்.

இனி பெடல் வழுக்குவது. இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம், இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்றிரண்டு கியரில் மட்டும், அதுவும் அதிகம் பயன்படுத்தும் கியரில் மட்டும் வழுக்கினால் செயினும் பல்லும் தேய்ந்திருக்கின்றன. புது செயினில் 24 பின்னுக்கு 12 இன்ச் வரும், அது 12 இன்சுக்கு மேல் 1/16 இன்ச் நீண்டிருந்தால் செயினை மாற்றும் நேரம். எல்லாக் கியரிலும் வழுக்கினால், கால் திடீரென்று வெறுமையில் விழுவதுபோல் இருந்தால், ஃப்ரீவீலுக்குள் இருக்கும் நாக்குகள் பிடிக்கவில்லை. டிக் டிக் சத்தம் தருபவை அவைதான், சின்ன ஸ்பிரிங் தள்ள, உள்பல்லில் போய்க் கொக்கி போடும். கையாலேயே சோதிக்கலாம். வீலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஃப்ரீவீலைக் கொஞ்சம் பின்னால் திருப்பி முன்னால் தள்ளுங்கள், இன்னும் கொஞ்சம் திருப்பித் தள்ளுங்கள், இப்படி ஒரு முழுச் சுற்று. ஒவ்வொரு தடவையும் கெட்டியாகப் பிடிக்க வேண்டும். ஒரு இடத்தில் நழுவினாலும் அதோடு ஏற்றம் ஏறாதீர்கள், நின்று மிதிக்கும்போது நழுவினால் நெஞ்சு ஹேண்டில்பாரில் போய் விழும்.

ஃப்ரீவீலுக்குள் யாராவது வீல் கிரீஸை அடைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். நல்ல எண்ணத்தில் செய்வார்கள், பால்ஸுக்குப் போடுவதுதானே என்று. கெட்டியான கிரீஸில் நாக்கு ஒட்டிக்கொள்ளும், கோத்தகிரி மாதிரிக் காலைக் குளிரில் இன்னும் மோசம், ஸ்பிரிங்கால் அதை எழுப்ப முடியாது. பால்ஸுக்குக் கிரீஸ், நாக்குக்கு மெல்லிய எண்ணெய். வீலைப் படுக்க வைத்து, ஃப்ரீவீலின் சுற்றும் பகுதிக்கும் நிற்கும் பகுதிக்கும் நடுவே உள்ள இடுக்கில் மண்ணெண்ணெய் விட்டுச் சுழற்றி, அடியில் கறுப்பாக ஒழுகுவது நின்றதும் காயவிட்டு, நாலைந்து சொட்டு மெல்லிய எண்ணெய் விடுங்கள். ஹப்பில் புது கிரீஸ் போடுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள், பின்னால் செய்தால் அந்த மண்ணெண்ணெய் புது கிரீஸையும் கரைத்துவிடும். டிஸ்க் பிரேக் வண்டியென்றால் டிஸ்க்கை முதலிலேயே கழற்றி வைத்துவிடுங்கள், எண்ணெய் பட்டால் பிரேக் போய்விடும். அதற்கும் சரியாகவில்லை என்றால் ஃப்ரீவீலை மாற்றுவதுதான் வழி. மிதிக்க மிதிக்க மரை இறுகிக்கொண்டே போயிருக்கும் என்பதால் அதற்கான கழற்றியும் நல்ல வைஸும் இருக்கும் கடையாகப் பார்த்துக் கொடுங்கள், உளியால் தட்டிக் கழற்ற விடாதீர்கள்.

பட்டறையிலும் பலர் பார்க்கத் தவறுவது ஃப்ரேமை. பின் வீல் உட்காரும் இரண்டு கவையும் ஒன்றுக்கொன்று நேராக இல்லாவிட்டால், நட்டை இறுக்கும்போதே புது ஆக்சில் வளையும், மூன்று மாதத்தில் இதே கேள்வியோடு வருவீர்கள். வீலை மாட்டி, இறுக்குவதற்கு முன் லாக் நட்டுக்கும் கவைக்கும் நடுவே குனிந்து பாருங்கள். முழு முகமும் ஒட்ட வேண்டும். மேலே ஒட்டி, கீழே ஆப்பு மாதிரி இடைவெளி தெரிந்தால் கவையை நிமிர்த்த வேண்டும். இரும்பு ஃப்ரேமை நிமிர்த்தலாம், அலுமினியத்தை விஷயம் தெரிந்தவர் பார்த்துத்தான் தொட வேண்டும்.

கப் போய்விட்டது, வீல் மாற்றித்தான் ஆக வேண்டும் என்ற நிலைமை வந்தால் அதே திருகு ஃப்ரீவீல் வீலை வாங்காதீர்கள். கேசட் (ஃப்ரீஹப்பின் மேல் ஏற்றும் பல்சக்கரத் தொகுதி) ஏற்றும் ஃப்ரீஹப் உள்ள வீலாகக் கேளுங்கள். உங்கள் ஷிஃப்டரை மாற்ற வேண்டாம், 8 கியருக்கான ஃப்ரீஹப்பில் 4.5 மி.மீ. ஸ்பேசர் (இடைவெளி நிரப்பும் வளையம்) ஒன்றை முதலில் போட்டு 7 கியர் கேசட்டை ஏற்றலாம். ஹப்பின் அகலம் உங்கள் ஃப்ரேமின் இடைவெளிக்கு ஒத்துவர வேண்டும், எம்டிபியில் வழக்கமாக 135 மி.மீ., அளந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். டிஸ்க் பிரேக் என்றால் டிஸ்க் தகடு 6 போல்ட்டா, நடுவில் பூட்டும் வகையா என்றும் பாருங்கள்.

சீல்டு பேரிங் (பால்ஸும் வளையங்களும் ஒன்றாக மூடி வருவது) ஹப்பாக எடுத்தால் பின்னால் மாற்றுவது சுலபம். பேரிங் ஓரத்தில் 6902, 6001 என்று எண் போட்டிருக்கும், அதைச் சொல்லி கோவையில் பேரிங் கடைகளில் கேட்டுப் பாருங்கள், மோட்டார் பம்பு ஊர் என்பதால் கடைகளுக்குக் குறைவில்லை. உள்ளே ஏற்றும்போது பேரிங்கின் வெளி வளையத்தை மட்டும் அழுத்த வேண்டும், உள் வளையத்தில் தட்டினால் புது பேரிங் அங்கேயே கெட்டுவிடும்.

அப்புறம் வாட்டர் சர்வீஸ். மழைக்காலச் சேறு போக பைக் கழுவும் இடத்தில் பிரஷர் தண்ணீர் அடிக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. அடிக்கிறீர்கள் என்றால் ஹப்பின் பக்கம் மட்டும் வேண்டாம், அந்த வேகத்துக்கு ரப்பர் சீல் நிற்காது. வாளித் தண்ணீரும் பழைய பிரஷ்ஷும் போதும். உங்கள் ஓட்டத்துக்கு ஐப்பசி மழை முடிந்ததும் ஒரு ஓவராயில் கட்டாயம். இந்த ஞாயிற்றுக்கிழமை ஆக்சிலைக் கழற்றி உருட்டிப் பாருங்கள், கோனையும் கப்பையும் கழுவிய பின் வெயிலில் கிட்டத்தில் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், கப் தேறுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.