இளைஞர்களுக்கு ஏன் வேலை கிடைப்பதில்லை? அரசுகள் என்ன செய்யலாம்?

இந்தக் கேள்விக்கு வழக்கமாக வரும் பதில், "இப்போது படித்து வருகிறவர்களிடம் திறன் இல்லை" என்பது. ஒரு சிறிய நிறுவனத்துக்கு ஆள் எடுக்கும் வேலையைச் சில ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். என் பார்வையில் அது பாதிக் காரணம்தான். புதிதாக வருகிறவர்களுக்குத் தெரியாதது நிறைய உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவர்களைக் குறை சொல்லும் மேலாளர்களுக்கும் முதல் நாளில் ஒன்றும் தெரிந்திருக்காது. யாரோ ஒருவர் சம்பளமும் கொடுத்து, வேலையும் சொல்லிக் கொடுத்திருப்பார். இப்போது அந்தச் செலவை ஏற்க ஆள் இல்லை.

முதலில் எண்களைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் அவை ஏமாற்றும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் கணக்குப்படி 2023-ல் உலகில் 15 முதல் 24 வயது வரை உள்ளவர்களில் 6.49 கோடிப் பேர் வேலை தேடியும் கிடைக்காமல் இருந்தார்கள். விகிதம் 13 சதவீதம், பதினைந்து ஆண்டுகளில் மிகக் குறைவு. நல்ல செய்திபோலத் தெரிகிறதா? தேடுவதையே விட்டுவிட்டவர்கள் இந்தக் கணக்கில் வருவதில்லை. படிப்பிலும் இல்லாமல், வேலையிலும் இல்லாமல், பயிற்சியிலும் இல்லாமல் இருப்பவர்கள் என்று எண்ணினால் ஐந்தில் ஒருவர் வருகிறார். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள்.

இன்னொரு பக்கம், ஏழை நாடுகளில் வேலையில்லாமல் இருப்பதற்கே கொஞ்சம் வசதி வேண்டும். இந்தியாவில் 2022-ல் பட்டம் பெற்ற இளைஞர்களிடையே வேலையின்மை 29.1 சதவீதம், எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடையே 3.4 சதவீதம். படிப்பால் கேடு என்று இதற்குப் பொருள் இல்லை. ஒன்றும் இல்லாதவர் கிடைத்த கூலி வேலைக்குப் போயே ஆக வேண்டும். பட்டம் வாங்கியவர், குடும்பம் தாங்கும் வரை, படிப்புக்கேற்ற வேலைக்காகக் காத்திருக்கிறார். அப்படிப்பட்ட வேலைகள்தான் போதவில்லை.

சரி, நிறுவனங்கள் ஏன் புதியவர்களை எடுக்கத் தயங்குகின்றன? இது நான் உள்ளே இருந்து பார்த்த கணக்கு. புதிதாக ஒருவரைச் சேர்த்தால் சில மாதங்களுக்கு அவரால் வருமானத்தைவிடச் செலவுதான் அதிகம். அனுபவமுள்ள ஒருவரின் நேரமும் அவருக்குச் சொல்லிக் கொடுப்பதிலேயே போகும். ஒரு வழியாக வேலை பழகியதும், பயிற்சிக்கு ஒரு காசும் செலவழிக்காத பக்கத்து நிறுவனம் கொஞ்சம் கூடுதல் சம்பளம் சொல்லி அழைத்துக்கொண்டு போய்விடும். அதனால் எல்லோரும் "இரண்டு ஆண்டு அனுபவம் தேவை" என்று விளம்பரம் போடுகிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் யார் மீதும் தப்பில்லை. ஆனால் எல்லோரும் இதையே செய்தால் அந்த இரண்டு ஆண்டு அனுபவத்தை எங்கே போய் வாங்குவது?

பொருளாதாரம் சரியும்போது இது இன்னும் மோசமாகும். இருப்பவர்களை நீக்குவது கடினம்; புதிதாக எடுக்காமல் இருப்பது சுலபம். 2008 நெருக்கடிக்குப் பிறகு ஸ்பெயினிலும் கிரேக்கத்திலும் இளைஞர் வேலையின்மை 50 சதவீதத்தைத் தாண்டியது. ஸ்பெயினில் இளைஞர்களில் பெரும்பகுதியினர் தற்காலிக ஒப்பந்தத்தில் இருந்ததால், முதலில் வெளியே போனவர்களும் அவர்களே. அங்கே 2021 கடைசியில்தான் அத்தகைய ஒப்பந்தங்களைக் கட்டுப்படுத்திச் சட்டம் வந்தது. நிலைமை சீரானதும் இழப்பு தானாகச் சரியாகிவிடும் என்பதும் உண்மையில்லை. கனடாவில் மந்தநிலைக் காலத்தில் பட்டம் முடித்தவர்களை ஆராய்ந்தபோது, தொடக்கச் சம்பளம் சுமார் 9 சதவீதம் குறைவாக இருந்ததும், அந்த இடைவெளி மறையப் பத்தாண்டு வரை ஆனதும் தெரிந்தது.

அரசுகள் என்ன செய்யலாம்? அரசுகளுக்கு மிகப் பிடித்தது பயிற்சி முகாம், ஆலோசனை, ரெஸ்யூம் எழுதச் சொல்லித் தருவது. 2007 வாக்கில் பிரான்சில் இதைப் பெரிய அளவில் சோதித்தார்கள். சிறப்பு உதவி பெற்ற இளைஞர்களுக்கு வேலை சீக்கிரம் கிடைத்தது. ஆனால் அதே பகுதியில் உதவி பெறாதவர்களுக்கு வாய்ப்பு குறைந்தது. வேலைகள் அரிதான இடங்களில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. நாற்காலி விளையாட்டில் ஒரு சிலருக்கு ஓடக் கற்றுக்கொடுப்பதுபோலத்தான். நாற்காலி எண்ணிக்கை கூடவில்லை.

எனக்கு நம்பிக்கை தருவது ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து நாடுகளின் தொழிற்பழகுநர் முறை. வாரத்தில் சில நாள் நிறுவனத்தில் வேலை, மீதி நாள் தொழிற்பள்ளியில் படிப்பு. எழுத்துபூர்வ ஒப்பந்தம் உண்டு, உதவித்தொகை உண்டு. முக்கியமானது, ஜெர்மனியில் இறுதித் தேர்வை நடத்துவது அந்த நிறுவனம் அல்ல, தொழில் வர்த்தகச் சபைகள். அதனால் சான்றிதழை வேறு எந்த நிறுவனமும் மதிக்கும். பல நாடுகள் இதன் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு தேர்வையும் மேற்பார்வையையும் விட்டுவிடுகின்றன. அப்புறம் அது குறைந்த கூலிக்கு ஆள் பிடிக்கும் வழியாகத்தான் முடிகிறது.

நிறுவனங்களுக்குச் சலுகை தரலாம். ஆனால் யாருக்காக என்பதைப் பார்த்துத் தர வேண்டும். ஸ்வீடன் 2007-ல் இளைஞர்களுக்காக முதலாளிகள் கட்டும் வரியைக் குறைத்தது. வேலைவாய்ப்பு ஓரளவு கூடியது. ஆனால் எப்படியும் வேலையில் இருந்திருக்கக்கூடிய இளைஞர்களுக்கும் சேர்த்தே சலுகை போனதால் செலவு அதிகமானது. 2016-ல் முழுவதுமாக விலக்கிக்கொண்டார்கள். முதல் வேலைக்கு வருகிறவர்களுக்கும் நீண்ட நாள் வேலையின்றி இருப்பவர்களுக்கும் மட்டும் கொடுத்தால் பணம் போக வேண்டிய இடத்துக்குப் போகும் என்பது என் எண்ணம்.

"சொந்தத் தொழில் தொடங்கு" என்ற அறிவுரையைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும், பெரும்பாலும் மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள்தான் அதைச் சொல்வார்கள். கையில் முதலும் கொடுத்தால் அது வேறு. வடக்கு உகாண்டாவில் இளைஞர் குழுக்களுக்குத் தொழில் கற்கவும் கருவிகள் வாங்கவும் ஆளுக்குச் சுமார் 400 டாலர் வரும்படி கொடுத்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து அவர்கள் வருமானம் மற்றவர்களைவிட 38 சதவீதம் அதிகம். ஒன்பதாம் ஆண்டில் மற்றவர்கள் எட்டிப்பிடித்துவிட்டார்கள். இதைத் தோல்வி என்று சிலர் எழுதினார்கள். இருபது வயதில் சில ஆண்டுகள் முன்னதாகக் கையில் காசு வருவது சின்ன விஷயமா என்ன?

ஐரோப்பிய ஒன்றியம் 2013-ல் கொண்டுவந்த இளைஞர் உத்தரவாதத்தில் ஓர் அம்சம் பிடித்தது: படிப்பை விட்ட அல்லது வேலை இழந்த நான்கு மாதத்துக்குள் வேலையோ, பயிற்சியோ, மேற்படிப்போ ஏதாவது ஒன்று தந்தாக வேண்டும். நடைமுறை நாட்டுக்கு நாடு வேறுபட்டது, ஆனால் காலக்கெடு வைத்தது சரி. ரெஸ்யூமில் இடைவெளி நீள நீள, ஆள் எடுப்பவர் படிக்காமலே தள்ளிவைப்பார்; நானும் அந்த மேசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப். அனுபவம் கிடைக்கிறதே என்று இதை ஆதரிப்பவர்கள் உண்டு. மாதக்கணக்கில் சம்பளமின்றி வேலை பார்க்க வீட்டில் வசதி உள்ளவர்களுக்குத்தான் அந்த அனுபவம் கிடைக்கும். நான்கைந்து வாரத்துக்கு மேல் போனால் குறைந்தபட்சச் சம்பளம் கட்டாயம் என்று சட்டம் போடலாம். பெரிய பட்ஜெட் எதுவும் தேவையில்லை.