மூக்குப் பைப்பால சாப்பாடு: ஐசியூவில உறவுகள் இருக்கிற ஆக்களுக்கு ஒரு கேள்வி பதில்

நான் ஐசியூவில பதினாறு வருசமா நேர்ஸா நிக்கிறன், ஊர் பரந்தன். போன கிழமை ஒரு தங்கச்சி பைப் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டவா, அதுக்குப் பதில் சொன்ன பிறகு கனபேர் கேள்வி அனுப்பியிருக்கிறியள், எல்லாத்துக்கும் ஒண்டாச் சொல்லுறன். உங்கட ஆளின்ர நிலைமை உங்கட டொக்டருக்குத்தான் தெரியும், இதை வாசிச்சிட்டு அங்க போய் என்னெண்டு கேக்கிறது எண்டு தெரிஞ்சாக் காணும்.

ஒட்டுசுட்டானிலயிருந்து: அண்ணா கட்டு விரியன் பாம்பு கடிச்சு வென்டிலேற்றரில (மூச்சு விட வைக்கிற மெசினில) இருக்கிறார். ரெண்டாம் நாளே மூக்கால பைப் போட்டு பால் மாதிரி ஒண்டு ஏத்துகினம். அசைவே இல்லாத ஆளுக்கு அவ்வளவு அவசரமா? சேலைன் காணாதோ?

காணாது தம்பி. சேலைனுக்குள்ள சாப்பாடு இல்லை. அஞ்சு வீத குளுக்கோஸ் சேலைன் ஒரு லீற்றர் முழுக்க ஏத்தினாலும் 170 கலோரி மட்டில்தான் வரும், 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 1200 தொடக்கம் 1500 வரைக்கும் தேவை. அதோட குடல் சும்மா கிடந்தா அதின்ர உள்தோல் மெலியத் தொடங்கும், பிறகு உள்ளுக்க இருக்கிற கிருமியை அதாலயே மறிக்க ஏலாமப் போயிடும். அதாலதான் பிறஷர் ஒரு நிலைக்கு வந்தா 24 தொடக்கம் 48 மணித்தியாலத்துக்குள்ள தொடங்கச் சொல்லுறது. பிறஷர் விழுந்து மருந்தைக் கூட்டிக்கொண்டே போற நேரத்தில மட்டும் பொறுப்பம், அப்ப குடலுக்கு ரத்தம் காணாது, சாப்பாட்டைத் தள்ளினா குடலே பழுதாகலாம். இன்னொண்டும் சொல்லவேணும். கட்டு விரியன் கடிச்ச கனபேருக்கு கண் இமை கூடத் திறக்க ஏலாதே தவிர காது கேக்கும், அறிவும் இருக்கும். பார்க்கப் போனா அண்ணாவோட கதையுங்கோ, பக்கத்தில நிண்டு அழாதைங்கோ.

முள்ளியவளையிலயிருந்து: அம்மா மாசக்கணக்கா ஒண்டும் வடிவாச் சாப்பிடாம எலும்பும் தோலுமாப் போய்த்தான் வாட்டுக்கு வந்தவா, இப்ப ஐசியூவில. விடியவே எழும்பி பாலும் விட்டுக் கஞ்சி வைச்சுக் கொண்டு போனன், மிஸ் (நேர்ஸ்) வாங்கேல்ல. பைப்பாலயும் கொஞ்சந்தான் குடுக்கினமாம். பட்டினி போடுகினமோ எண்டு பயமா இருக்கு.

அக்கா, உங்கட மனம் எனக்கு விளங்குது. 2009ல கஞ்சியால உயிர் தப்பின சனம் நாங்கள், கஞ்சியை வேண்டாம் எண்டு ஒருத்தர் சொன்னா நெஞ்சு வலிக்கத்தான் செய்யும். ஆனா உங்கட அம்மாவுக்கு இப்ப ஆகப்பெரிய ஆபத்து சாப்பாடு டக்கெண்டு கூடுறதுதான். நெடுநாள் பட்டினி கிடந்த உடம்புக்குள்ள மாச்சத்து ஒரேயடியாப் போனா இன்சுலின் எழும்பி, ரத்தத்தில இருக்கிற பொஸ்பேற், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாத்தையும் கலங்களுக்குள்ள இழுத்துப் போடும், ரத்தத்தில அது குறைஞ்ச உடன இதயத் துடிப்பு குழம்பும், மூச்சுத் தசை சோரும், சாப்பாடு குடுத்து ரெண்டு மூண்டு நாளில ஆளே போயிடலாம். அதுதான் முதல்ல தயமின் எண்ட விற்றமினைக் குடுத்திட்டு, நாளுக்கு நாள் ரத்தம் எடுத்துப் பார்த்துப் பார்த்து, மெல்ல மெல்லக் கூட்டுறவை. கொஞ்சமாக் குடுக்கிறதே அவாவுக்கு மருந்து. 2012ல வந்த ஒரு பெரிய ஆராய்ச்சியில, நுரையீரல் பழுதாகி வென்டிலேற்றரில இருந்த ஆக்களுக்கு முதல் ஆறு நாள் கொஞ்சமாக் குடுத்தாலும் முழுசாக் குடுத்தாலும் உயிர் தப்புறதில வித்தியாசம் இல்லை எண்டுதான் கண்டவை. மற்றது, கஞ்சியில புரதம் குறைவு, 100 கிராம் அரிசிக்கு 7 கிராம் மட்டில்தான். ஐசியூவில இருக்கிற 60 கிலோ ஆளுக்கு நாளைக்கு 75, 80 கிராம் வேணும். தயவுசெய்து ஆரும் பார்க்காத நேரம் பைப்புக்குள்ள ஒண்டும் விடாதைங்கோ, வாயிலயும் வைக்காதைங்கோ.

ஏன் எப்பவும் தலைமாட்டை உயர்த்தி வைக்கினம்? (ஒரு தம்பி)

சாப்பாடு மேல வந்து நெஞ்சுக்குள்ள இறங்காம இருக்க. 30 தொடக்கம் 45 பாகை. ஆள் கீழ சறுக்கிக் கிடந்தா மிஸ்ஸைக் கூப்பிடுங்கோ.

நெடுங்கேணியிலயிருந்து: சிறிஞ்சால வயித்துக்குள்ள இருந்ததை இழுத்துப் பார்த்தவை, 200 மில்லி வந்தது. செமிக்கேல்ல, இனி நிப்பாட்டுவினமோ?

200க்கு நிப்பாட்டத் தேவையில்லை. முந்தி நாங்களும் அப்பிடித்தான் நிப்பாட்டினனாங்கள், அதால எத்தினை பேர் சும்மா பட்டினி கிடந்திச்சினம் எண்டு இப்ப நினைச்சாக் கவலையா இருக்கு. இப்ப ஆறு மணித்தியாலத்தில 500க்கு மேல வந்தாத்தான் யோசிக்கிறது, அதோட சத்தி, வயிறு ஊதல் இருக்கோ எண்டும் பார்ப்பம். அப்பவும் இரைப்பையை அசைக்கிற மருந்து குடுத்துப் பார்க்கலாம். வயித்தால போறதுக்கும் உடன சாப்பாட்டைக் குற்றம் சொல்லாதைங்கோ, கனதரம் அன்ரிபயோட்டிக்கும் இனிப்புப் பாணி மருந்துகளும்தான் காரணம்.

மாங்குளத்திலயிருந்து: அப்பாவை வீட்ட கொண்டு வந்திட்டம். ராத்திரி கையால இழுத்து பைப் அரைவாசி வெளிய வந்திட்டுது. நானே திருப்பித் தள்ளலாமோ?

வேண்டாம். கட்டாயம் வேண்டாம். சாப்பாட்டையும் மருந்தையும் நிப்பாட்டிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ, கிளிநொச்சியோ வவுனியாவோ எது கிட்டவோ அங்க. தொண்டையில இறங்கிற வழி ரெண்டு, ஒண்டு வயித்துக்கு, மற்றது சுவாசப்பைக்கு. இருமல் பலமில்லாத ஆளுக்கு சுவாசப்பைக்குள்ள போனாலும் வெளிய ஒண்டும் காட்டாது. நான் வேலைக்கு வந்த புதுசில, சிறிஞ்சால காத்தடிச்சு வயித்தில ஸ்டெதஸ்கோப் வைச்சுச் சத்தம் கேட்டா சரி எண்டுதான் பழக்கினவை. ஒருநாள் அந்தச் சத்தம் எனக்கு வடிவாக் கேட்டது, மனசு ஒப்பாம எக்ஸ்றே எடுக்கச் சொன்னன், பைப் வலது சுவாசப்பைக்குள்ள. சாப்பாடு விட முதல் பிடிபட்டது அந்த ஐயாவின்ர அதிர்ஷ்டம். அண்டையிலயிருந்து சத்தத்தை நான் நம்பிறதில்லை. பைப்பால இழுத்த நீரில பிஎச் (புளிப்பின்ர அளவு, குறைய குறைய அமிலம் கூட) 5.5 இல்லாட்டி அதுக்குக் கீழ இருக்கவேணும், இல்லையெண்டா எக்ஸ்றே. வீட்டில நீங்கள் செய்யக்கூடியது, மூக்குத் துவாரத்தில பைப் நிக்கிற இடத்தில பேனையால ஒரு கோடு போட்டு வைச்சு, ஒவ்வொரு தரமும் சாப்பாட்டுக்கு முதல் அதைப் பார்க்கிறது.

கனடாவிலயிருந்து, ஊர் புதுக்குடியிருப்பு: தம்பி வயலுக்க நிண்டு எலிக்காய்ச்சல் வந்து கிட்னி அடிச்சு டயலிசிஸ் செய்யினம். இளநி குடுக்கச் சொல்லவோ? புரதம் குறைக்கோணும் எண்டு இஞ்ச சிலர் சொல்லுகினம்.

இளநி வேண்டாம், அதில பொட்டாசியம் கூட, கிட்னி வேலை செய்யாத ஆளுக்கு அது இதயத்தை நிப்பாட்டலாம். புரதம் குறைக்கிற கதை டயலிசிஸ் இல்லாத, நாள்பட்ட கிட்னி வருத்தக்காரருக்குச் சொல்லுறது. டயலிசிஸில புரதம் கழுவுப்பட்டுப் போகும், அதால தம்பிக்குக் குறைக்கக் கூடாது. அவருக்கு எவ்வளவு எண்டதை அங்கயே கணக்குப் பார்ப்பினம்.

விசுவமடுவிலயிருந்து: அம்மம்மாவுக்கு பாரிசவாதம், பைப்போட வீட்ட வந்து அஞ்சு கிழமை. அரைச்சு என்ன குடுக்கலாம், குளுசையும் அரைக்கலாமோ? வாயால எப்ப குடுக்கலாம்?

சோறு, பருப்பு, முட்டை அல்லது மீன், மரக்கறி, ஒரு கரண்டி எண்ணெய், வடிவா அவிச்சு அரைச்சு ரெண்டு தரம் வடியுங்கோ, ஒரு மீன் முள்ளுத்துண்டு போனாலும் பைப் அடைபடும். நிமிர்த்தி இருத்தி, சிறிஞ்சின்ர தண்டைக் கழட்டிப்போட்டு தன்பாட்டில இறங்க விடுங்கோ, ஒரு தரத்துக்கு 200 தொடக்கம் 300 மில்லி, கால் மணித்தியாலம் எடுக்கட்டும், அமத்தித் தள்ளாதைங்கோ. முடிஞ்சும் அரை மணித்தியாலத்துக்கு மேல இருத்தி வையுங்கோ. முன்னுக்கும் பின்னுக்கும் கொதிச்சாறின தண்ணி 30 மில்லி. எங்கட வெக்கைக்கு அரைச்சதை ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல வெளிய வைக்கேலாது, பிரிட்ஜில வைச்சாலும் 24 மணித்தியாலத்தோட கொட்டுங்கோ.

குளுசை எல்லாம் அரைக்கேலாது. மெல்ல மெல்லக் கரையிற விதமாச் செய்த குளுசையை அரைச்சா முழு நாள் மருந்தும் ஒரேயடியா இறங்கும். ஒவ்வொண்டையும் மருந்தாளரிட்டக் காட்டிக் கேளுங்கோ. வலிப்புக்கு பெனிற்றோயின் குடுக்கிறதெண்டா அதுக்கு முன்னுக்கும் பின்னுக்கும் ஒண்டு ரெண்டு மணித்தியாலம் சாப்பாடு விடாதைங்கோ, ரெண்டும் சேர்ந்தா மருந்து உடம்புக்குள்ள வடிவா ஏறாது.

வாயால குடுக்க முதல் விழுங்கிறதைச் சோதிக்கவேணும், பேச்சுப் பயிற்சி குடுக்கிறவை அதைப் பார்ப்பினம். அது முடியும்வரைக்கும் தேத்தண்ணி கூட ஒரு சொட்டு வேண்டாம், ஆனா பல்லையும் நாக்கையும் நாளுக்கு ரெண்டு தரம் துடையுங்கோ. அஞ்சு கிழமை எண்டபடியா, வயித்தில நேர போடுற பைப்பைப் பற்றியும் அடுத்த கிளினிக்கில கேளுங்கோ, நாலு தொடக்கம் ஆறு கிழமைக்கு மேல தேவைப்பட்டா அதை யோசிக்கிறவை, மூக்கும் புண்ணாகாது. போகேக்க குளுசைப் பெட்டி எல்லாத்தையும் ஒரு பையில போட்டுக் கொண்டு போங்கோ.