பஞ்ச் மெஷின் சொல்வதெல்லாம் சரியா?

இந்த இதழுக்கு பெங்களூரு தொழிற்பேட்டைகளிலிருந்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை நெட்வொர்க்கில் ஓடும் வருகைப்பதிவு மெஷின்களைப் பற்றியவை. ஒரே சிக்கலைப் பலர் கேட்டிருந்த இடத்தில் ஒன்றாகச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் மூன்று மெஷின்கள். மெயின் கேட்டில் 8.58 காட்டும்போது ஸ்டோரில் 9.02, அசெம்பிளியில் 9.00. ஒன்றாக உள்ளே வந்த இருவரில் ஒருவருக்கு மட்டும் லேட் விழுகிறது. எதை நம்புவது?
— பீன்யா

மூன்றையுமே நம்ப வேண்டாம். உள்ளே இருப்பது குவார்ட்ஸ் படிகத்தில் ஓடும் சாதாரணக் கடிகாரம். பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகுகிற படிகம் என்றால் நாளுக்கு 1.7 விநாடி, மாதத்துக்குச் சுமார் 52 விநாடி விலகும். ஒன்று முந்தி, மற்றொன்று பிந்தினால் இரண்டரை மாதத்தில் நான்கு நிமிட இடைவெளி வந்துவிடும். இதைப் பழுது என்று சொல்ல முடியாது.

எல்லா மெஷின்களும் ஒரே இடத்திலிருந்து நேரம் வாங்கினால் பிரச்சினை தீரும். மெனுவில் என்.டி.பி. (நெட்வொர்க் வழியே நேரம் வாங்கும் முறை) என்ற அமைப்பு இருந்தால் அதை இயக்கி, டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர் முகவரியைக் கொடுங்கள். ஆபீஸ் ஃபயர்வாலில் (நெட்வொர்க்கின் காவல் வாசல்) என்.டி.பி. பயன்படுத்தும் வழியான யூ.டி.பி. 123-ஆம் போர்ட் வெளியே போக அனுமதி இருக்க வேண்டும். பாதி இடங்களில் இதை அடைத்து வைத்துவிட்டு மெஷினைக் குறை சொல்கிறார்கள். மெஷின்களுக்கு இன்டர்நெட்டே கொடுக்க விருப்பமில்லையென்றால், ரவுட்டரோ ஆபீஸ் பி.சி.யோ வெளியிலிருந்து நேரம் வாங்கி இவற்றுக்குக் கொடுக்கட்டும்.

பழைய மாடல்களில் என்.டி.பி. இருக்காது. சாஃப்ட்வேர் இணையும்போது பி.சி.யின் நேரத்தையே அவை ஏற்றுக்கொள்ளும். அப்படியானால் முதலில் பி.சி.யைப் பாருங்கள். மதர்போர்டு பட்டன் செல் தீர்ந்துபோன ஒரு பி.சி. போதும், எல்லா மெஷின்களையும் ஒரே காலையில் கெடுத்துவிடும்.

நேரம் கச்சிதமாக 2 மணி 30 நிமிடம் முன்னால் ஓடினால் அது வேறு கதை: டைம் ஸோன் சீனாவின் +8-இல் நிற்கிறது. +5.30-க்கு மாற்றினால் சரியாகிவிடும். நேரத்தைப் பின்னுக்கு நகர்த்துகிற திருத்தத்தை மட்டும் ஷிஃப்ட் மாறும் வேளையில் செய்யாதீர்கள். 9.04-ஐ 9.00 ஆக்கினால், அந்த நான்கு நிமிடமும் மறுபடி வரும். பதிவுகள் வரிசை குலைந்து, உள்ளே வந்தவர் வருமுன்பே வெளியே போனதாக ரிப்போர்ட் காட்டும். கேட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்துச் செய்து, எத்தனை நிமிடம் மாற்றினீர்கள் என்று தேதியோடு எழுதி வையுங்கள். சம்பளத் தகராறு வந்தால் அந்த ஒரு வரிதான் கைகொடுக்கும்.

இன்டர்நெட் கனெக்‌ஷனை மாற்றிய நாளிலிருந்து சாஃப்ட்வேரில் மெஷின் ‘ஆஃப்லைன்’. விரல் வைத்தால் மட்டும் ‘தேங்க் யூ’ சொல்கிறது. ஒரு வாரப் பஞ்ச் போய்விட்டதா?
— பொம்மசந்திரா

போகவில்லை. ‘தேங்க் யூ’ வந்தாலே பதிவு மெஷினின் நினைவகத்தில் ஏறிவிட்டது. ஒரு லட்சம் பதிவு கொள்ளும் மாடல் என்றால், 60 பேர் நாளுக்கு நான்கு முறை வைத்தாலும் ஓராண்டுக்கு மேல் தாங்கும். பதற்றத்தில் ‘க்ளியர் லாக்’கைத் தொட்டுவிடாதீர்கள், அவ்வளவுதான்.

புது ரவுட்டர் வேறு எண் வரிசையைக் கொடுத்திருக்கும். பல மெஷின்கள் 192.168.1.201 என்ற முகவரியோடுதான் பெட்டியிலிருந்து வரும். புது ரவுட்டர் 192.168.0 வரிசையில் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று பார்க்க முடியாது. ஆபீஸ் பி.சி.யின் ஐ.பி.யை (நெட்வொர்க் முகவரி) பாருங்கள். முதல் மூன்று எண்களை அப்படியே மெஷினிலும் போடுங்கள், மாஸ்க் 255.255.255.0, கேட்வே ரவுட்டரின் முகவரி. கடைசி எண், ரவுட்டர் தானாக வழங்கும் வரம்புக்கு வெளியே இருக்கட்டும்: ரவுட்டர் 100 முதல் 199 வரை கொடுக்கிறதென்றால் மெஷினுக்கு 220. இதை விட்டுவிட்டால், காலையில் நன்றாக ஓடும் மெஷின் பத்து மணிக்குக் காணாமல் போகும்; அதே எண் யாரோ ஒருவரின் மொபைலுக்குப் போயிருக்கும்.

பிறகு பி.சி.யிலிருந்து மெஷினின் முகவரிக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) அடியுங்கள். பதிலே இல்லையென்றால் கேபிள், சுவிட்ச் போர்ட், முகவரி என்ற வரிசையில் தேடுங்கள். பதில் வந்தும் சாஃப்ட்வேர் இணையவில்லையென்றால் போர்ட் எண் (பல மாடல்களில் 4370), கம்யூனிகேஷன் கீ (இணைப்புக்கான ரகசிய எண்), டிவைஸ் எண் மூன்றையும் ஒப்பிடுங்கள். இரண்டு மெஷின்களுக்கு ஒரே டிவைஸ் எண் இருந்தால் ஒன்றின் பதிவு மற்றதன் கணக்கில் விழும்.

உங்கள் மெஷின் ‘புஷ்’ முறையில் ஓடுகிறதென்றால் இன்னொரு இடமும் உண்டு. அதில் மெஷின்தான் சர்வரைக் கூப்பிடும். ரவுட்டர் மாறியபோது பி.சி.யின் ஐ.பி.யும் மாறியிருக்கும், மெஷின் இன்னமும் பழைய முகவரியையே கூப்பிட்டுக்கொண்டிருக்கும். சர்வர் பி.சி.க்கும் நிலையான ஐ.பி. கொடுங்கள்.

கிளை ஆபீஸ் மெஷினைத் தலைமை ஆபீஸிலிருந்து பார்க்க ரவுட்டரில் 4370-ஐத் திறந்துவிடச் சொல்கிற டெக்னீஷியன்கள் இருக்கிறார்கள். வேண்டாம். அந்தக் கீ வெறும் சில இலக்கம்தான். இன்டர்நெட்டில் யார் வேண்டுமானாலும் தட்டிப் பார்க்கலாம். கிளைகளுக்குப் புஷ் முறை, இல்லையென்றால் வி.பி.என். (இன்டர்நெட் வழியே பூட்டிய தனி இணைப்பு).

எங்கள் கேட், ஆபீஸிலிருந்து 130 மீட்டர் தள்ளி. கேபிள் இழுத்தோம், இணைப்பு விட்டு விட்டு வருகிறது. ஏப்ரல் இடிமழையில் மெஷினின் லேன் போர்ட்டே போய்விட்டது.
— ஜிகணி

‘கேட்6’ (Cat6) ரகம் ஆனாலும் செம்பு நெட்வொர்க் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை. நடுவில் ஒரு சுவிட்ச் வைத்து நீட்டலாம். ஆனால் உங்கள் இரண்டாவது பிரச்சினைக்கு அது மருந்தல்ல. இரு கட்டடங்களின் எர்த் வேறு வேறு. பக்கத்தில் எங்கோ இடி விழுந்தாலும் நீண்ட செம்புக் கம்பியில் மின்னழுத்தம் தூண்டப்பட்டு, முதலில் அடி வாங்குவது லேன் போர்ட். ஃபைபர் இழுத்து, இரு முனையிலும் மீடியா கன்வர்ட்டர் (ஃபைபரின் ஒளியையும் லேன் சிக்னலையும் ஒன்றை மற்றொன்றாக மாற்றும் பெட்டி) வையுங்கள். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. பெங்களூரு எஸ்.பி. ரோடு கடைகளில் எல்லாம் கிடைக்கும். ஃபைபரில் பவர் போகாது என்பதால் கேட் பக்கம் தனி மின் இணைப்பும் ஒரு சின்ன யூ.பி.எஸ்.ஸும் வேண்டும்.

இரவு 10 முதல் காலை 6 வரை ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்குத் தினமும் ‘சிங்கிள் பஞ்ச்’ என்று வருகிறது. மெஷினை மாற்றிவிடலாமா?
— எலெக்ட்ரானிக் சிட்டி

மெஷினை மாற்றினாலும் இதேதான் வரும். மெஷின் நேரத்தை மட்டும் குறிக்கிறது. நாளைப் பிரிப்பது சாஃப்ட்வேர். அது நள்ளிரவில் நாளை வெட்டுவதால் 21.52-க்கு வைத்த பஞ்ச் திங்கள் கணக்கிலும், 6.07 செவ்வாய்க் கணக்கிலும் விழுகிறது. இரண்டுமே ஒற்றை.

அந்த ஷிஃப்டுக்கு நாள் வெட்டும் நேரத்தைத் தனியாகக் கொடுக்க வேண்டும். காலை 6-க்கு முடிந்து நான்கு மணி நேரம் ஓ.டி. பார்த்தாலும் 10 ஆகிறது. அதே ஆள் மறுவாரம் பகல் 2 மணி ஷிஃப்டுக்கு 1.30-க்கே வரலாம். ஆக, 11.30 பாதுகாப்பான இடம். இதையே ஆபீஸ் முழுவதற்கும் போட்டுவிட்டால் 9 மணி ஜெனரல் ஷிஃப்ட் ஆட்கள் எல்லோரும் முந்தின நாளில் போய் விழுவார்கள். ஷிஃப்ட் வாரியாகத்தான் வைக்க வேண்டும். 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவும் நள்ளிரவைத் தாண்டும் ஷிஃப்டுக்கு, ஷிஃப்ட் முடிகிற நேரத்திலிருந்துதான் அடுத்த நாளைக் கணக்கிட்டது.

கூடவே ரவுண்டிங் அமைப்பையும் திறந்து பாருங்கள். 9.01-க்கு வந்தவரை 9.15 ஆக்கி, 6.14-க்குப் போனவரை 6.00 ஆக்குகிற செட்டிங் பல இடங்களில் கேள்வியில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் கம்பெனிப் பக்கமே சாய்கிற ரவுண்டிங்கைத் தொழில்நுட்பம் என்று சொல்ல எங்களுக்கு மனமில்லை. ஓ.டி.க்கு இருமடங்கு ஊதியம் என்பது பழைய சட்டத்திலும் உண்டு, புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் உண்டு. அந்த நிமிடங்கள் பணம்.

லேத்தில் வேலை. கூலன்ட் பட்டுப் பட்டு விரல் ரேகை எடுக்கவே மாட்டேன் என்கிறது. ஐந்து தடவை வைத்தும் ஏறாத நாளில் ஆப்சென்ட் போடுகிறார்கள்.
— தாசரஹள்ளி

சூப்பர்வைசரிடம் கேளுங்கள்: உங்கள் பெயரில் எத்தனை விரல் பதிந்திருக்கிறது? பெரும்பாலும் ஒரு கட்டைவிரல்தான் இருக்கும். தேய்மானம் அதிகம் காண்பதும் அதுதான். இரு கையிலும் ஆள்காட்டி, நடுவிரல் என்று நான்கைப் பதியச் சொல்லுங்கள். ஷிஃப்டுக்கு முன், கழுவித் துடைத்த கையோடு பதியுங்கள். விரல் நுனியால் குத்தாமல், ரேகைச் சுழி கண்ணாடியின் நடுவில் படும்படி தட்டையாக வையுங்கள். டிசம்பர், ஜனவரியில் தோல் வறண்டு சென்சார் பிடிக்காது. விரலில் ஒருமுறை வாயால் ஊதினால் அந்த ஈரம் போதும். கண்ணாடியில் எண்ணெய் படிந்திருந்தால் செல்லோடேப்பை ஒட்டி எடுத்தால் வந்துவிடும். வெயில் நேராக விழும் இடத்தில் ஆப்டிகல் சென்சார் தடுமாறும், அதை நிழலுக்கு மாற்ற வேண்டும்.

ரேகை எவ்வளவு ஒத்துப்போனால் ஏற்கலாம் என்ற பொருத்த அளவைக் குறைத்துவிடுவது சில ஆபீஸ்களின் குறுக்கு வழி. ஆயிரம் ரேகைகளோடு ஒப்பிடும் மெஷினில் அளவைத் தளர்த்தினால், உங்கள் விரலுக்கு வேறொருவர் பெயர் விழும் வாய்ப்பு கூடும். அதைவிட, முதலில் எம்ப்ளாயி எண்ணைத் தட்டிவிட்டு விரல் வைக்கும் முறை நல்லது. அப்போது உங்கள் ரேகையோடு மட்டும் ஒப்பிடும். அதுவும் முடியாதவர்களுக்குக் கார்டு. பஞ்ச் ஏறாத நாளில் அந்த நிமிடமே ரெஜிஸ்டரில் நேரம் எழுதி, சூப்பர்வைசரின் கையெழுத்தை வாங்குங்கள். ஆபீஸுக்கு ஒரு வார்த்தை: கையால் செய்த திருத்தத்தைத் தனிப் பதிவாக, யார், எப்போது, ஏன் என்பதோடு ஏற்றுங்கள். மெஷினிலிருந்து வந்த மூலப் பதிவின் மேல் எழுதாதீர்கள்.

வேலையை விட்டுப் போனவரின் ரேகை மெஷினிலேயே இருக்குமா?
— கோரமங்களா

அழிக்காவிட்டால் இருக்கும். ரேகையின் படத்தை அல்ல, அதன் கோடுகள் பிரியும், முடியும் புள்ளிகளைக் கணக்காக்கிய டெம்ப்ளேட்டைத்தான் வழக்கமாகச் சேமிக்கிறார்கள். ஆனால் சாஃப்ட்வேரில் பெயரை நீக்கியதும் மெஷினிலிருந்தும் போய்விடும் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு மெஷினுக்கும் ‘டெலீட் யூசர்’ தனியாக அனுப்ப வேண்டியிருக்கும். கதவுப் பூட்டோடு இணைந்த மெஷின் என்றால் போனவரின் விரலுக்குக் கதவும் திறக்கும். சாஃப்ட்வேரில் அவரை ‘ரிசைன்ட்’ என்று மாற்றினால் போதும், அழிக்க வேண்டாம். சில சாஃப்ட்வேர்களில் ஆளை அழித்தால் அவருடைய பழைய வருகைப்பதிவும் சேர்ந்து போய்விடும், பாக்கி ஓ.டி. கேட்டு அவர் வரும் நாளில் காட்ட ஒன்றும் இருக்காது.