ஆல்கலினிட்டி ஏறி இறங்குகிறதா? முதலில் தினசரிச் செலவை அளந்து பாருங்கள்

கேள்வி: 200 லிட்டர் ரீஃப் டேங்க் (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) வைத்து ஓராண்டு ஆகிறது. ஆல்கலினிட்டி (அமிலத்தைச் சமன்செய்யும் நீரின் திறன்; அதன் அலகு டிகேஎச்) 7 டிகேஎச்-க்கு இறங்கும்போதெல்லாம், அதை ஏற்றும் பஃபர் கலவையை ஊற்றி 10-க்கு ஏற்றிவிடுகிறேன். ஒரு வாரத்தில் மறுபடியும் 7. கால்சியம் மட்டும் 420 பிபிஎம்மிலேயே நிற்கிறது. காலையில் பிஎச் 7.9 காட்டுகிறது. இப்போது அக்ரோபோரா என்ற கிளைப்பவளத்தின் நுனிகள் வெளுக்கத் தொடங்கியிருக்கின்றன. எந்த எண்ணை முதலில் சரிசெய்வது?

பதில்: நீங்கள் எழுதிய எண்களில் எதுவும் தனியாகப் பார்த்தால் மோசமானதல்ல. இயற்கைக் கடல்நீரின் ஆல்கலினிட்டியே ஏறத்தாழ 7 டிகேஎச்-தான். 10-இல் நிலையாக நிற்கும் தொட்டிகளிலும் பவளங்கள் நன்றாகவே வளர்கின்றன. அக்ரோபோராவால் தாங்க முடியாதது ஒரே ஊற்றில் 7-இலிருந்து 10-க்குத் தாவுவதுதான். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுத்தமாகப் பூஜ்ஜியத்தில் இருந்தால் இந்தத் தாவலில் நுனி வெளுப்பது இன்னும் எளிது. அவற்றையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். பூஜ்ஜியம் என்றால் மீன்களுக்குத் தீனியைக் கொஞ்சம் கூட்டலாம்.

வேறு எதைத் தொடும் முன்பும் உப்பளவைப் பாருங்கள். ஒரு கிலோ நீருக்கு 35 கிராம், அதாவது 25 டிகிரி வெப்பத்தில் ஒப்படர்த்தி 1.026 அளவில் இருக்க வேண்டும். இது ஐந்து சதவீதம் குறைந்தால் கால்சியம், மெக்னீசியம், ஆல்கலினிட்டி எல்லாமே சேர்ந்து ஐந்து சதவீதம் குறைந்து தெரியும். உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் ஆர்ஓ தண்ணீரில் சரிபார்த்தால் போதாது, 35 என்று குறித்த அளவீட்டுக் கரைசலில் சரிபார்க்க வேண்டும். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகவே குறைந்த மட்டத்தை எப்போதும் உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும்.

அடுத்தது தொட்டியின் தினசரிச் செலவு, அதாவது ஒரு நாளில் குறையும் ஆல்கலினிட்டி. ஆல்கலினிட்டி 8.5 அளவில் இருக்கும்போது எதுவும் ஊற்றாமல், தண்ணீரும் மாற்றாமல், மூன்று நாள் விடுங்கள். தினமும் ஒரே நேரத்தில், ஒரே டெஸ்ட் கிட்டால் அளந்து எழுதி வையுங்கள். மூன்று நாளில் 8.5 என்பது 7.3 ஆனால், குறைந்தது 1.2, நாளொன்றுக்கு 0.4 டிகேஎச். வாரத்துக்கு மூன்று குறைகிறது என்று நீங்கள் சொல்வதும் கிட்டத்தட்ட இதே வேகம்தான். உங்களுக்குத் தேவையான முக்கியமான எண் இது ஒன்றுதான்.

கால்சியம் அசையவில்லை என்று தோன்றுவதற்கும் இங்கேயே விடை இருக்கிறது. பவளம் எலும்புக்கூடு கட்டும்போது ஆல்கலினிட்டியையும் கால்சியத்தையும் நிலையான விகிதத்தில் எடுக்கிறது: 1 டிகேஎச் குறைந்தால் கால்சியம் சுமார் 7 பிபிஎம் குறையும். ஆக வாரம் முழுக்கப் போனதே 20 பிபிஎம் பக்கம்தான். கையிருப்பு 420 இருக்கும்போது அது ஐந்து சதவீதம். அதே வாரத்தில் ஆல்கலினிட்டி முப்பது சதவீதம் போயிருக்கும். பல கால்சியம் கிட்டுகளின் பிழையே 10, 20 பிபிஎம் வரும், இடையில் தண்ணீர் மாற்றமும் கொஞ்சம் ஈடுகட்டியிருக்கும். அதனால் கால்சியத்தை மாதம் இருமுறை பார்த்தால் போதும், ஆல்கலினிட்டியைத்தான் அடிக்கடி பார்க்க வேண்டும்.

காலை 7.9 பிஎச் என்னைக் கவலைப்படுத்தவில்லை. விளக்கணைந்த இரவில் ஒளிச்சேர்க்கை நின்று, எல்லா உயிர்களும் கார்பன் டை ஆக்சைடை வெளிவிடுவதால் காலையில் இறக்கம் இருக்கத்தான் செய்யும். பூட்டிய அறையின் காற்றும் இதைக் கூட்டும். ஒரு கோப்பையில் தொட்டி நீரை எடுத்து, வெளிக்காற்றில் ஒரு மணி நேரம் காற்றுக்குமிழி விட்டு அளந்து பாருங்கள். பிஎச் ஏறினால் தொட்டி நீரில் கார்பன் டை ஆக்சைடு மிகுந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது ஜன்னலைத் திறப்பதும், ஸ்கிம்மருக்கு (குமிழிகளால் கழிவை அகற்றும் கருவி) வெளிக்காற்றுக் குழாய் போடுவதும்தான் வழி. இந்த இடத்தில் பஃபர் ஊற்றினால் பிஎச் கொஞ்ச நேரம் ஏறி இறங்கிவிடும், ஆல்கலினிட்டி மட்டும் எகிறி நிற்கும். உங்கள் சிக்கல் இப்படித்தான் தொடங்கியிருக்கும் என்பது என் ஊகம்.

இனி ஈடுகட்டும் கணக்கு. பாறையும் மணலும் போக உங்கள் தொட்டியில் 160 லிட்டர் நீர் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். 100 லிட்டரை 1 டிகேஎச் ஏற்ற 3 கிராம் சோடியம் பைகார்பனேட் வேண்டும். ஆகவே 0.4-க்கு நாளுக்கு சுமார் 2 கிராம். பேக்கிங் சோடாதான் இது, பேக்கிங் பவுடர் வேறு, அதைப் போட்டுவிடாதீர்கள். ஆர்ஓ நீரில் கரைத்து, நீரோட்டம் வலுவான இடத்தில் சிறுகச் சிறுக விடுங்கள். கால்சியம் குளோரைடு கரைசலை இதோடு ஒரே நேரத்தில் விடக் கூடாது. இரண்டும் அடர்த்தியாகச் சந்தித்தால் வெள்ளைப் பொடியாகப் படிந்து, ஹீட்டரிலும் பம்பிலும் ஒட்டிக்கொள்ளும். மெக்னீசியம் 1250 பிபிஎம்முக்குக் கீழே இறங்கினாலும் இந்தப் படிவு எளிதில் நடக்கும். மாதம் ஒருமுறை அதைப் பாருங்கள், 1300 பக்கம் இருந்தால் தொட வேண்டாம்.

ஆனால் உங்கள் தொட்டிக்கு நான் தேர்ந்தெடுப்பது கால்க்வாசர், அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு கரைத்த சுண்ணாம்பு நீர். ஆல்கலினிட்டி, கால்சியம் இரண்டையும் சரியான விகிதத்திலேயே தருகிறது, கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து பிஎச்சையும் தூக்குகிறது, கூடுதல் உப்பும் சேராது. லிட்டருக்கு 2 கிராம் கலக்கி, மூடி வைத்துத் தெளியவிட்டால் அதற்கு மேல் கரையாத நிலை வரும். அந்தத் தெளிநீர் ஒரு லிட்டர் 160 லிட்டர் தொட்டியை 0.7 டிகேஎச் ஏற்றும். உங்களுக்கு நாளுக்கு அரை லிட்டரை விடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலே போதும், அதுவும் ஆவியாகும் நீருக்கு ஈடாகவே போய்விடும். இரவில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். இதன் பிஎச் 12-க்கு மேல், கண்ணையும் கையையும் காத்துக்கொள்ளுங்கள். ஆவியான நீரை நிரப்பும் தானியங்கி டாப்-அப்போடு இணைத்தால் ஒரு நாளுக்கான அளவை மட்டுமே பாத்திரத்தில் வையுங்கள். சுவிட்ச் மாட்டிக்கொண்டு ஐந்து லிட்டர் மொத்தமாக இறங்கினால் தொட்டி தாங்காது.

8 டிகேஎச்-ஐ இலக்காக வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அதற்கு மேலே இருந்தால் தானாக இறங்க விடுங்கள், கீழே இருந்தால் நாளுக்கு 0.5-க்கு மேல் ஏற்ற வேண்டாம். வெளுத்த அக்ரோபோராவை இடம் மாற்றாதீர்கள், ஒளியையும் மாற்றாதீர்கள். முதல் மாதம் இரண்டு நாளுக்கு ஒருமுறை அளந்து, ஊற்றும் அளவைப் பத்து சதவீதத்துக்கு மேல் போகாமல் கூட்டிக் குறையுங்கள்.

பவளம் வளர வளரச் செலவும் கூடும். எதிர்ப்பக்கமும் நடக்கலாம்: அளவை மாற்றாதபோதும் ஆல்கலினிட்டி நாளுக்கு நாள் ஏறினால், பவளங்கள் எடுத்துக்கொள்வதைக் குறைத்துவிட்டன என்று பொருள். கண்ணுக்கு எதுவும் தெரியும் முன்பே இது காட்டிக்கொடுத்துவிடும். அன்றைக்கே டோஸைப் பாதியாக்கி, உப்பளவு, வெப்பம், பாஸ்பேட் மூன்றையும் சோதியுங்கள்.