94 சதவீதத் துல்லியத்தை இப்போதைக்கு நம்பாதீர்கள்

பூஞ்சையால் வரும் கிரிப்டோகாக்கல் மூளைக்காய்ச்சலில் யார் இறக்கக்கூடும் என்று கணிக்க ஒரு மாடல் செய்திருக்கிறீர்கள்: 180 நோயாளிகள், பத்து வாரத்துக்குள் 48 இறப்புகள், 40 மாறிகள் (ஒவ்வொரு நோயாளியைப் பற்றிய விவரங்கள்). ரேண்டம் ஃபாரஸ்ட்டில் (பல முடிவு மரங்களைச் சேர்த்துக் கணிக்கும் முறை) 94 சதவீதத் துல்லியம் வந்தும், வேறொரு மருத்துவமனைத் தரவில் மாடல் சறுக்கிவிட்டது என்கிறீர்கள்.

பட்டியலில் '14ஆம் நாள் தண்டுவட நீர் கல்ச்சர்' (அந்த நீரில் பூஞ்சை வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) இருக்கிறதே, என் சந்தேகம் அதன்மேல்தான். இரண்டு வாரம் உயிரோடிருந்தவருக்குத்தான் அந்தப் பரிசோதனையே நடந்திருக்கும். அந்தக் கட்டம் காலியாக இருந்தாலே 'இறந்தவர்' என்று மாடல் கற்றுக்கொண்டுவிடும். ஆம்போடெரிசின் என்ற பூஞ்சை மருந்து எத்தனை நாள் ஏறியது என்பதும் அப்படியே; சீக்கிரம் இறந்தவருக்குக் குறைந்த நாள்தான் ஏறியிருக்கும். சேர்த்த அன்று கையிலிருக்கும் தகவல் மட்டும் போதும்: சுயநினைவுத் தடுமாற்றம், தண்டுவட நீரில் பூஞ்சையின் அளவு, அதிலுள்ள வெள்ளணுக்கள், ஹீமோகுளோபின், வயது. 48 இறப்புகளை வைத்து 40 மாறிகளைத் தாங்க முடியாது. ரிட்ஜ் (மாறிகளின் எடையை அடக்கிவைக்கும் உத்தி) சேர்த்த லாஜிஸ்டிக் ரெக்ரெஷன் என்ற எளிய முறையில் தொடங்குங்கள்.

தண்டுவட நீர் அழுத்தத்தில் மட்டும் மிகக் கவனம் வேண்டும். விடுபட்ட இடங்களைச் சராசரியால் நிரப்பாதீர்கள். ஏன் அளக்கவில்லை என்று வார்டில் கேளுங்கள். கருவி இல்லாமலும் இருக்கலாம், நோயாளி அளக்க முடியாத நிலையில் இருந்திருக்கலாம். இன்னொன்று, அழுத்தம் 25 சென்டிமீட்டர் நீர் அளவுக்கு மேல் போனால் தண்டுவட நீரை எடுத்து அழுத்தத்தைக் குறைப்பார்கள். அந்தச் சிகிச்சை பலித்ததால் 'அழுத்தம் முக்கியமில்லை' என்று மாடல் சொல்லக்கூடும். அதை நம்பி யாராவது அளப்பதையே நிறுத்தினால் உயிர் போகும். தயவுசெய்து இதைக் கட்டுரையில் தெளிவாக எழுதுங்கள்.

துல்லியத்தை விடுங்கள். '30 சதவீத ஆபத்து' என்று மாடல் சொன்னவர்களில் உண்மையில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று பார்த்து, அந்த வரைபடத்தை இங்கே போடுங்கள்.