நட்சத்திரப் படிப்பு சோறு போடுமா?

அம்மா, உங்கள் கடிதம் கிடைத்தது. பிளஸ் டூ படிக்கும் மகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம், இயற்பியல் படித்து நட்சத்திரங்களை ஆராயும் பேராசிரியர் ஆவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அது சோறு போடுமா என்று கேட்கிறீர்கள். போடும். ஆனால் பந்தி தாமதமாகத்தான் தொடங்கும்.

பட்டப்படிப்பும் முதுகலையும் சேர்த்து ஐந்து ஆண்டு. பிஎச்.டி. இன்னொரு ஐந்தாறு ஆண்டு. பிறகு வெளிநாட்டிலோ வெளியூரிலோ 'போஸ்ட்டாக்' என்னும் ஒப்பந்த வேலை. பெரும்பாலும் ஒன்றோடு முடியாது. நிரந்தர வேலை கிடைக்கும்போது வயது முப்பதைத் தாண்டிச் சில ஆண்டுகள் ஆகியிருக்கும். அதுவரை கையை ஏந்த வேண்டியதில்லை: பிஎச்.டி.யில் ஜே.ஆர்.எஃப். என்னும் ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டு கழித்து 42,000. இது 2023இல் உயர்த்தப்பட்ட தொகை. ஆனால் இருபத்திரண்டு வயதில் அவள் சம்பளத்தை நம்பித்தான் வீட்டுக் கடன் அடைய வேண்டும் என்றால், அதை அவளிடம் நேரடியாகச் சொல்லுங்கள். "அந்தப் படிப்பே வீண்" என்று சுற்றி வளைக்காதீர்கள்.

ராத்திரியெல்லாம் தொலைநோக்கியில் கண் வைத்திருக்கும் வேலை என்று அவள் நினைத்திருந்தால் அதையும் தெளிவாக்க வேண்டும். நட்சத்திரத்தின் ஒளியை நிறமாலையாகப் பிரித்து, அதிலுள்ள கருங்கோடுகளிலிருந்து வெப்பம், வேகம், என்னென்ன தனிமங்கள் என்று கணக்கிடுகிறார்கள். அப்படித்தான் செசிலியா பெய்ன் என்னும் வானியலாளர் 1925இல் ஹார்வர்டில் எழுதிய ஆய்வேட்டில் நட்சத்திரங்களில் மிகப் பெரும்பங்கு ஹைட்ரஜன் என்ற முடிவுக்கு வந்தார். அப்போதைய வானியல் பெரும்புள்ளி ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல் அதை ஏற்கவில்லை. நான்கு ஆண்டு கழித்து அவரே அந்த முடிவுக்கு வந்து சேர்ந்தார். இந்தத் துறையில் இருபத்தைந்து வயதுப் பெண்ணின் கணக்கும் நிற்கும், அதற்குப் பொறுமையும் வேண்டும்.

பேராசிரியரின் நாளில் பைதான் மொழியில் கணினி நிரல், தொலைநோக்கி நேரம் கேட்டு விண்ணப்பம், மாணவர்களின் ஆய்வுக் கட்டுரைத் திருத்தம் என்று பலவும் உண்டு. வகுப்பிலோ நட்சத்திரத்தின் அழுத்தம், நிறை, ஆற்றல், வெப்பம் பற்றிய நான்கு வகையீட்டுச் சமன்பாடுகள். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த வானியற்பியலாளர் சந்திரசேகர், 1930இல் பத்தொன்பது வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது வெண்குறு விண்மீனின், அதாவது எரிபொருள் தீர்ந்து சுருங்கிய நட்சத்திரத்தின், நிறைக்கு ஓர் எல்லை உண்டென்று கண்டதும் இதே வகைக் கணக்கில்தான். சூரியனின் நிறையைப் போல் சுமார் 1.4 மடங்கு என்பது இன்றைய மதிப்பு. ஆகவே அவளுக்குக் கால்குலஸ் பிடிக்கிறதா என்று பாருங்கள். நிலாவைப் பிடிக்கிறதா என்பது அப்புறம்.

இன்னொன்றும் செய்யச் சொல்லுங்கள். ஐரோப்பாவின் கையா விண்கலம் அளந்த நட்சத்திரத் தரவு இணையத்தில் இலவசம். கார்த்திகைக் கூட்டத்து நட்சத்திரங்களை மட்டும் பிரித்தெடுத்து, நிறத்துக்கும் பிரகாசத்துக்கும் வரைபடம் போடட்டும். வேண்டாத நட்சத்திரங்களைக் கழிப்பதற்குள் சலித்துப்போனால் அவளுக்குப் பிடித்தது அழகிய படங்கள்தான், அதுவும் தப்பில்லை. விடாமல் உட்கார்ந்து முடித்தால் நம்புங்கள். அந்தத் திறமை வீணாகாது. பேராசிரியர் ஆகாத எத்தனையோ பேர் இதே நிரலையும் புள்ளியியலையும் வைத்துத் தரவுத் துறையில் நன்றாக இருக்கிறார்கள்.

'வானியல்' என்று பெயர் போட்ட இளநிலைப் பட்டத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். இயற்பியல் படிக்கட்டும், கணிதம் துணைப்பாடமாக. மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களான ஐசர்களுக்கு ஐ.ஏ.டி. நுழைவுத்தேர்வு, அதே போன்ற புவனேஸ்வரம் நைசருக்கு நெஸ்ட் தேர்வு. இரண்டும் கிடைக்காவிட்டால் உங்கள் ஊர்ப் பக்கத்துக் கல்லூரியே போதும், ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் எம்.எஸ்சி. சேர ஜாம் நுழைவுத்தேர்வு இருக்கிறது. பிஎச்.டி. சமயத்தில் ஜெஸ்ட் என்னும் நுழைவுத்தேர்வு எழுதிப் பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்துக்கு முயலலாம். வாணியம்பாடி பக்கத்துக் காவலூர் தொலைநோக்கி அவர்களுடையதுதான்.

பொறியியல் கலந்தாய்வு விண்ணப்பத்தையும் போட்டு வையுங்கள். மற்ற தேர்வுகளோடு அது மோதாது, அப்பாவுக்கும் கொஞ்சம் தூக்கம் வரும்.