'மதர்' எப்போது பெரிய எழுத்தில் தொடங்கும்?

கேள்வி: தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் என் மகன், ஆங்கிலக் கட்டுரையில் 'மதர்', 'டீச்சர்', 'ஸ்கூல்' போன்ற சொற்களையெல்லாம் பெரிய எழுத்தில் தொடங்குகிறான். ஆசிரியர் வட்டமிட்டுத் திருப்பித் தருகிறார். வீட்டில் எப்படி விளக்குவது? – ஈசூன் வாசகி

பதில்: இதைக் கவனக்குறைவு என்று கண்டிக்க வேண்டாம். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு இல்லை. மரியாதையை 'வந்தார்', 'சொன்னார்' என்னும் வினைமுற்றே காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் அதற்கு இடமில்லாததால், பிள்ளைகள் பலர் பெரிய எழுத்தை மரியாதைக் குறியாக எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் அது ஒரு சொல் பெயராக நிற்கிறது என்பதைத்தான் காட்டுகிறது.

உறவுச் சொற்களுக்கு ஒரு சோதனை உண்டு. அந்த இடத்தில் 'மீனா' என்று ஓர் ஆளின் பெயரைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 'ஐ ஆஸ்க்ட் மதர்' என்பதில் 'மதர்' இருந்த இடத்தில் 'மீனா' இயல்பாகப் பொருந்துவதால், அங்கே பெரிய எழுத்து வரும். 'ஐ ஆஸ்க்ட் மை மதர்' என்பதில் 'மை மீனா' என்று சொல்ல முடியாது. ஆகவே சிறிய எழுத்து. 'த டீச்சர்', 'மை பிரின்சிபல்' ஆகியவையும் இவ்வாறே சிறிய எழுத்தில்தான் தொடங்கும்.

இடப்பெயர்களுக்கு இந்தச் சோதனை உதவாது. பொதுவாக ஓர் உணவங்காடியைக் குறிக்கும் 'ஹாக்கர் சென்டர்' சிறிய எழுத்தில் இருக்க, சிங்கப்பூரிலுள்ள குறிப்பிட்ட ஓர் இடத்தின் பெயரான 'டெக்கா சென்டர்' என்பதில் இரண்டு சொற்களும் பெரிய எழுத்தில் தொடங்கும். 'ரோட்' தனித்து வந்தால் சிறியது, 'சிராங்கூன் ரோட்' என்று பெயரின் பகுதியாக வந்தால் பெரியது. 'மினிஸ்ட்ரி ஆஃப் எடுகேஷன்' என்பதில் நடுவிலுள்ள 'ஆஃப்' மட்டும் சிறியதாகவே இருக்கும்.

கிழமை, மாதம், மொழி, நாட்டினம், தீபாவளி போன்ற பண்டிகைகளின் பெயர்கள் எப்போதும் பெரிய எழுத்தில் தொடங்கும். பருவங்களின் பெயர்கள் சிறிய எழுத்தில். 'நான்' எனப் பொருள்படும் 'ஐ' வாக்கியத்தின் எந்த இடத்தில் வந்தாலும் பெரியதே.

கட்டுரையில் மதிப்பெண் அதிகம் நழுவுவது உரையாடலில்தான் என்பது என் கருத்து. மேற்கோள் குறிக்குள் தொடங்கும் வாக்கியத்தின் முதற்சொல் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். 'வேர் ஆர் யூ?' என்று கேள்விக்குறியோடு பேச்சு முடிந்தாலும், அடுத்து வரும் 'ஷி ஆஸ்க்ட்' சிறிய எழுத்திலேயே தொடரும், ஏனெனில் வாக்கியம் இன்னும் முடியவில்லை. 'கம் ஹோம்,' ஷி செட், 'பிஃபோர் இட் ரெய்ன்ஸ்' என்பதுபோல் ஒரே வாக்கியம் இடையில் பிரிக்கப்பட்டால், 'பிஃபோர்' என்பதும் சிறிய எழுத்தில்தான் தொடங்கும். ஆசிரியர் திருத்திய பழைய கட்டுரை ஒன்றை எடுத்து, அதிலுள்ள உரையாடல் வரிகளை மட்டும் அவனையே மறுபடி எழுதச் சொல்லி, ஒவ்வொரு பெரிய எழுத்துக்கும் காரணம் கேளுங்கள்.